ஒயின் குடித்த மரம் விஸ்கிக்கு என்ன கொடுக்கிறது?

"ஸ்காட்ச் விஸ்கியில் ஒயினைக் கலக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே? அப்படியென்றால் 'ரெட் ஒயின் பீப்பாயில் முதிர்ந்தது' என்று புட்டியில் போட்டு விற்பது ஏமாற்று வேலைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஏமாற்று இல்லை. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ஸ்காட்ச்சில் சேர்க்கக்கூடியவை தண்ணீரும் நிறத்துக்கான சாதாரண கேரமலும் மட்டும்தான். ஆனால் அது 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்தாக வேண்டும். அந்தப் பீப்பாய் புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. விளையாட்டெல்லாம் அங்கேதான்.

முளைகட்டிய பார்லி, நொதித்தல், செப்புக் கலத்தில் காய்ச்சி வடித்தல் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஒரே வடிசாலையில் இப்படி இறங்குவது சிங்கிள் மால்ட். இறங்கும்போது அது பச்சைத் தண்ணீர்போல நிறமற்று இருக்கும். பொன்னிறமும் வாசத்தில் பெரும்பங்கும் பிறகு மரம் தருபவை.

எத்தனை முறை கழுவினாலும் ஊறுகாய் ஜாடி தன் வாசத்தை விடாது. ஒயின் பீப்பாயும் அந்த ஜாதிதான். பலகைக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒயின் ஊறியிருக்கும். 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள விஸ்கி அதை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. சில ஒயின் பீப்பாய் விஸ்கிகளில் தெரியும் இளஞ்சிவப்பு, திராட்சைத் தோலின் ஆந்தோசயனின் நிறமி.

கதை இத்தோடு முடிந்தால் எனக்கு இதில் அவ்வளவு சுவாரசியம் இருந்திருக்காது. பல தடவை ஒயின் ஊற்றி எடுத்த பீப்பாய் உண்மையில் களைத்துப்போன மரம். அதன் நல்ல சத்தையெல்லாம் ஒயின்காரர் எடுத்திருப்பார். போதாக்குறைக்கு, கிருமி அண்டாமலிருக்க உள்ளே கந்தகத்தை எரித்திருப்பார்கள். அது விஸ்கியில் தீக்குச்சி வாசமாகத் தலைகாட்டலாம். இதற்கு ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜிம் ஸ்வான் பரப்பிய வைத்தியம் எளிது: பீப்பாயின் உட்புறத்தைச் சில மில்லிமீட்டர் சீவு, வாட்டு, பிறகு கருக்கு.

நெருப்பு செய்யும் காரியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கவைப்பது லிக்னின் என்னும் மாபெரும் மூலக்கூறு. அதற்குத் தனியாக வாசம் கிடையாது. சூடு பட்டதும் அது துண்டு துண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகளில் ஒன்று வனிலின்; ஐஸ்கிரீமில் நாம் முகரும் அதே பொருள்தான். பக்கத்திலிருக்கும் ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரைகளாகச் சிதைந்து, கருகி, கேரமல் வாசம் தருகிறது. ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் வாசம் கொடுக்கும். ஐரோப்பிய ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் இது தூக்கல். சீவலுக்குத் தப்பி ஆழத்தில் தங்கிய ஒயினின் சர்க்கரையும் இந்தச் சூட்டில் வெந்துவிடுகிறது. மேலே படியும் கரி, கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நெருப்போடு வேலை முடிவதில்லை. ஆல்கஹாலும் பலகை வழியே கசிந்துவரும் ஆக்ஸிஜனும் சேர்ந்து, மிச்ச லிக்னினை ஆண்டுக்கணக்கில் கரண்டிக்கொண்டே இருக்கின்றன. நாம் 'ஒயின் சுவை' என்று பாராட்டுவதில் பெரும்பகுதி வெந்த மரத்தின் சுவை என்பது என் கட்சி.

ஸ்வான் ஆலோசனை சொன்ன தைவானின் கவலான் நிறுவனம் இப்படித் தயாரித்த பீப்பாய்களில் முதிரவைத்த விஸ்கி, 2015இல் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் விருதைத் தட்டிச்சென்றது. ஸ்காட்லாந்தில் ஐலா தீவின் கில்ஹோமனும் இதே முறையைக் கையாள்கிறது. எடின்பரோவில் விஸ்கி நிறுவனங்கள் கூடிப் பணம் போட்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தையே நடத்துகின்றன. நம் ஊர் முதலாளிகள் விளம்பரத்துக்குக் கொட்டுவதில் நூறில் ஒரு பங்கை ஆய்வகத்துக்குக் கொடுத்தால் எவ்வளவோ நடக்கும். கொடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

சுவைக்கும்போது கண்ணை நம்பக் கூடாது. பிரான்ஸின் ஒயின் நகரமான போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், வாசமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 ஒயினியல் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். இளஞ்சிவப்பு விஸ்கியைக் கண்டதுமே 'ஆகா, ராஸ்பெரி' என்பவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

கூம்பிய வாயுள்ள கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, வாயைச் சற்றே திறந்துகொண்டு முகருங்கள். ஒரு மிடறு குடித்து, விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பழமும் வனிலாவும் அப்போதுதான் தெரியும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, கசப்பு போன்ற நாலைந்துதான்.

தண்ணீர் விடலாமா? தாராளமாக விடலாம். புகை வாசம் தரும் குவாயகாலும் லிக்னின் பெற்ற பிள்ளைதான். 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அதன் மூலக்கூறுகள் குவாயகாலைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தண்ணீர் விட்டு 45 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் குவாயகால் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது; மூக்குக்கு எட்டுவது எளிதாகிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் கணினிப் பாவனையில் கண்டது இது. தண்ணீர் கலப்பது மால்ட்டுக்குச் செய்யும் துரோகம் என்று மீசையை முறுக்குபவர்கள், கலவை வல்லுநர்களின் அறைக்குள் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். அவர்கள் வேலை நேரத்தில் விஸ்கியில் ஆல்கஹால் சுமார் 20 சதவீதமாகக் குறையும்வரை தண்ணீர் விட்டுத்தான் முகர்கிறார்கள்.