கணக்கே இல்லாத அம்மம்மா

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் ஓர் அம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது பொத்தான் அமுக்கும் சிறிய கைத்தொலைபேசி. முகநூலில் அவருக்குக் கணக்கு இல்லை. ஆனாலும் முகநூல் அவரை அறிந்திருக்க முடியும்.

கனடாவின் ஸ்காபுரோவில் உள்ள பேத்தி முகநூலை நிறுவும்போது, தொடர்புகளைப் பதிவேற்றலாமா என்று அது கேட்கிறது. சம்மதித்தால் அவளுடைய தொலைபேசியிலுள்ள இலக்கங்களும், அவற்றுக்கு அவள் இட்ட பெயர்களும் நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகின்றன. அவற்றுள் ஒன்று ‘அம்மம்மா கொக்குவில்’. பாரிஸில் ஒருவர் அதே இலக்கத்தைப் ‘பெரியம்மா’ என்று வைத்திருக்கிறார். அவரும் பதிவேற்றுகிறார். போர் சிதறடித்த குடும்பம். இருவரும் நேரில் கண்டதே இல்லை. இரண்டு பட்டியல்களிலும் ஒரே இலக்கம் இருப்பதால், இவர்களுக்குள் உறவு இருக்கலாம் என்று கணிப்பது கணினிக்கு எளிது. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று திரையில் வரும் முகங்களுக்குப் பின்னால் பதிவேற்றிய தொடர்புகளும் பொது நண்பர்களும் இருக்கிறார்கள். பிரிந்த உறவுகளை இது சேர்த்துவைக்கும் என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் நடுவில் நிற்கும் அம்மம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தரங்கம் என்றால் வேலி என்று நாம் நினைக்கிறோம். என் வளவை நான் அடைத்தால் போதும் என்று. எனக்கோ அது பங்குக் கிணறாகத் தெரிகிறது. ஒருவர் செய்வது எல்லோருடைய தண்ணீரையும் தொடும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு டுவிட்டரில் 13,905 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஒருவர் எழுதும் சொற்களை எவ்வளவு தூரம் முன்கூட்டிக் கணிக்கலாம் என்பதே கேள்வி. அவருடைய பதிவுகளைத் தொடாமல், அவரோடு பழகும் எட்டு ஒன்பது பேரின் பதிவுகளை மட்டும் வைத்தே, எட்டக்கூடிய துல்லியத்தில் ஏறத்தாழ 95 சதவீதத்தை அடையலாம் என்று கண்டார்கள். கணக்கை மூடிவிட்டுப் போனவரும் நண்பர்களின் எழுத்தில் மிஞ்சியிருக்கிறார்.

அரசியலில் இதன் விலை 2018இல் தெரிந்தது. ஆளுமையை அளப்பதாகச் சொன்ன ஒரு செயலியைச் சுமார் 2,70,000 பேர் நிறுவினார்கள். அதன்வழி கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்திடம் 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் விவரங்கள் போயிருக்கலாம் என்று முகநூல் ஒப்புக்கொண்டது. ஒருவர் தலையசைக்க, அவருடைய நண்பர்களையும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்டோரின் விவரம் போனது.

நம் ஊரில் இந்த விலை இன்னும் கடுமையானது. போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று ரொறன்ரோவில் இருந்து ஒருவர் நினைவுப் படம் போட்டு, யாழ்ப்பாணத்து மச்சானின் பெயரையும் அதில் இணைக்கிறார். போட்டவர் வாழ்வது கனடாச் சட்டத்தின் கீழ். பெயர் இணைக்கப்பட்டவர் வாழ்வது பயங்கரவாதத் தடைச் சட்டம் உள்ள இலங்கையில். முகநூல் பதிவுகளுக்காக அந்தச் சட்டத்தின் கீழ் இங்கே இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். அன்பினால் செய்ததுதான், ஆனால் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

அம்மம்மாவுக்கு ஒரு வழி இருக்கிறது. முகநூலின் உதவிப் பக்கங்களுக்குள், எளிதில் கண்ணில் படாத இடத்தில், கணக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு படிவம் உண்டு. இலக்கத்தைக் கொடுத்தால் குறுஞ்செய்தியில் ஒரு குறியீடு வரும். அதை உள்ளிட்டு, பிறர் பதிவேற்றிய பட்டியல்களில் இருந்து அந்த இலக்கத்தை நீக்கும்படி கேட்கலாம். பொத்தான் தொலைபேசிக்கும் குறுஞ்செய்தி வரும். பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல ஒரு பேரப்பிள்ளை வேண்டும்.