டம்ப்ளிங்குக்குள்ள சூப் எப்படி போச்சு?

வாசகர் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். ஆபீஸ் வேலையா தைபே போனவர், தங்கின ஹோட்டலுக்குப் பின்னாடி ஒரு சந்துக் கடையில ஷியாவ்லோங்பாவ் சாப்பிட்டிருக்கார், நம்ம கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள்ள கறி வச்சு ஆவியில வேகவைக்கிற டம்ப்ளிங். "கடிச்சதும் உள்ள இருந்து சூப் பீச்சி அடிக்குது சார், சட்டையே போச்சு, மாவுல எங்க தேடினாலும் ஓட்டை இல்ல, ஊசி போட்டு ஏத்துறாங்களா?"ன்னு கேள்வி. தாய்வானுக்கு ஆராய்ச்சி பண்ண வர்ற நம்மூர் பசங்கள்ல பாதி பேர் வந்த புதுசுல இதையே தான் கேக்குறாங்க. மீதி பாதி பேர் உள்ள இருக்கிறது பன்றிக்கறின்னு தெரிஞ்சதும் கேள்விய விட்டுட்டு அடுத்த கடை தேடிப் போயிடுறாங்க.

ஊசியெல்லாம் கிடையாது. சூப்ப முன்னாடியே ஜெல்லியா உறைய வச்சு, பொடியா நறுக்கி, கறியோட பிசைஞ்சு மாவுக்குள்ள வச்சு மடிச்சிடுறாங்க, ஆவியில வேகும்போது அது உருகி திரும்ப சூப்பாயிடுது. கேட்டதுக்கு பதில் இவ்வளவு தான். ஆனா சோளமாவு கூட போடாம, தண்ணியா இருந்த ஒரு சூப் தானா உறைஞ்சு, கொஞ்சம் சூடு பட்டதும் திரும்பத் தண்ணியாகுது பாருங்க, அது எப்படின்னு சொல்லாம விட எனக்கு மனசு வரல.

நான் இருக்கிறது ஷின்சு, சிப் கம்பெனிங்களுக்குப் பேர் போன ஊர். இங்க சந்துக்கு சந்து இந்த மாதிரி கடை உண்டு. நாலஞ்சு மேசை, முதுகு சாயாத ஸ்டூல், ஆர்டர் எடுக்க யாரும் வரமாட்டாங்க, மேசையில சீட்டும் பென்சிலும் கிடக்கும், வேணுங்கிறத டிக் அடிச்சு நாமளே கொண்டுபோய் குடுக்கணும். ஓரமா கண்ணாடி ஃப்ரிட்ஜ்ல குட்டிக் குட்டி தட்டுல வேர்க்கடலை போட்ட நெத்திலி, ஊறவச்ச வெள்ளரிக்கா, டோஃபு எல்லாம் இருக்கும், எடுத்துக்கிட்டா பில்லுல சேத்துக்குவாங்க. வாசல்லயே மூங்கில் கூடைய ஆள் உயரத்துக்கு அடுக்கி ஆவி பறந்துட்டு இருக்கும், அதுக்குப் பக்கத்துல கடைக்கார அக்கா மாவு தேச்சிட்டே இருப்பாங்க. அவங்க கைய கொஞ்ச நேரம் கவனிச்சுப் பாருங்க, உருண்டையோட ஓரத்த மட்டும் மெல்லிசா தேச்சுட்டு நடுவ தடிமனா விட்டுடுறாங்க, ஏன்னா மடிப்பெல்லாம் ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணா ஏறும், சூப்ப தாங்க வேண்டியது நடுப்பகுதி. பூரண டப்பாவ ஃப்ரிட்ஜ்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தான் எடுப்பாங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். அரைச்ச கறி, இஞ்சி, வெங்காயத்தாளுக்கு நடுவுல பளபளன்னு பொடிசா மின்னுது பாருங்க, அதான் அந்த ஜெல்லி.

அது பன்றித் தோல்ல செஞ்சது. தோல்ல ஒட்டியிருக்கிற கொழுப்ப சுரண்டிட்டு மணிக்கணக்கா கொதிக்க விட்டு, வடிகட்டி, ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவாங்க. நம்ம வீட்டுல ஆட்டுக்கால் பாயா மிச்சமாகி ஃப்ரிட்ஜ்ல வச்சா காலையில உறைஞ்சு போய் கரண்டி இறங்க மாட்டேங்குமே, அதுவும் இதே சங்கதி தான். இந்தப் பலகாரம் ஷாங்காய் பக்கத்துல நான்ஷியாங்ங்கிற ஊர்ல பேர் வாங்கினது, 1949-ல சீன உள்நாட்டுப் போர்ல தோத்து கடல் தாண்டி வந்த ஜனங்களோட சமையல் பூரா தாய்வானுக்கு வந்துச்சு, அதோட இதுவும். இன்னைக்கு உலகம் பூரா கிளை வச்சிருக்கிற டின் தை ஃபங், 1958-ல தைபேல சமையல் எண்ணெய் கடையா ஆரம்பிச்சது, எண்ணெய் வியாபாரம் படுத்ததும் 1972 வாக்குல இதப் போட ஆரம்பிச்சாங்க. அங்க ஒவ்வொண்ணுக்கும் 18 மடிப்புன்னு கணக்கு. எங்க சந்து அக்கா எண்ணுறதில்ல, அவசரத்துல குறையும் கூடும், சூப் ஒழுகாது.

சரி, தோலுக்கு வருவோம். தோல், தசைநாண், எலும்பு இதையெல்லாம் இழுத்துப் புடிச்சு வச்சிருக்கிறது கொலாஜன்ங்கிற புரோட்டீன். நம்ம உடம்புல இருக்கிற மொத்த புரோட்டீன்ல கால்வாசிக்கு மேல இது தான். அமினோ அமிலங்கள் கோத்துக்கிட்டு சங்கிலியாகுறது, அந்த சங்கிலி மடங்குறது எல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, தாண்டிப் போறேன். கொலாஜனோட விசேஷம் என்னன்னா மூணு சங்கிலி சேந்து ஜடை பின்னின மாதிரி ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு சங்கிலியும் சுமார் 1000 அமினோ அமில நீளம், மூணும் பின்னிக்கிட்டதுக்கு அப்புறம் 300 நானோமீட்டர் நீளம், தடிமன் வெறும் 1.5 நானோமீட்டர். மூணும் நெருங்குற நடு அச்சுல இடமே கிடையாது, கொஞ்சம் பெரிய அமினோ அமிலம் அங்க வந்தாலும் பின்னல் பிதுங்கிடும். அதனால ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின் தான் உக்காந்திருக்கும், பக்கவாட்டுல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும் இருக்கிற, இருக்கிறதுலயே சின்ன அமினோ அமிலம். இப்படி ஆயிரம் இடத்துல ஒரே ஒரு கிளைசின் மாறிப் போனாலே, லேசா விழுந்தாலும் எலும்பு ஒடையிற பிறவி நோய் வரலாம்.

இத சூடு பண்ணினா என்ன ஆகும்? தோல் 60 டிகிரி தாண்டினதும் சுருங்கும், பின்னல் அவுற ஆரம்பிக்கும். தொடர்ந்து கொதிக்க கொதிக்க ஒரு பின்னலுக்கும் அடுத்த பின்னலுக்கும் நடுவுல இருக்கிற இணைப்புகளும் அறுந்து, இழை இழையா தண்ணில கலந்திடும். இப்ப அதுக்குப் பேர் ஜெலட்டின். சூடா இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு இழையும் நெளிஞ்சுக்கிட்டு தனித்தனியா சுத்திட்டு இருக்கும், சூப் சூப்பாவே இருக்கும்.

ஆறும்போது தான் கூத்து. சூடு குறைஞ்சதும் இழைங்க திரும்பவும் பின்னிக்கப் பாக்கும், அதோட அமினோ அமில வரிசை அப்படி. ஆனா பழைய ஜோடிங்க பாத்திரத்துல எந்த மூலையில இருக்கோ, யாருக்குத் தெரியும். அதனால பக்கத்துல யார் கெடச்சாலும் புடிச்சுக்கிட்டு கொஞ்ச தூரத்துக்கு மூணு மூணா பின்னிக்கும், மிச்சம் நீட்டிட்டு இருக்கிற இழை வேற ரெண்டு பேரோட இன்னொரு இடத்துல பின்னிக்கும், அவங்க வேற யாரோடயோ. கிளாஸ்ல முன் பெஞ்ச் பொண்ணுங்க ஜடைய சத்தமில்லாம ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு விடுற வால் பசங்க மொத்த கிளாஸுக்கும் அப்படிப் பண்ணிட்டா எப்படி, யாருமே எழுந்து நகர முடியாதுல்ல? அந்த வலைக்குள்ள தண்ணி மாட்டிக்குது. இதுல எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கிறது அளவு தான், 100 கிராம் ஜெல்லிக்கு 2 கிராம் ஜெலட்டின் இருந்தாலே போதும், மிச்சம் 98 கிராமும் தண்ணி, ஆனா கத்தி வச்சு துண்டு போடலாம்!

இது அரைகுறைப் பின்னல்ங்கிறதால வலுவும் கம்மி. தோலுக்குள்ள முழு நீளத்துக்கு ஒழுங்கா பின்னியிருந்தப்ப அவுக்க 60 டிகிரி வேண்டியிருந்துச்சு, இப்ப 30-லிருந்து 35 டிகிரியே போதும். நம்ம வாய்க்குள்ள 37. ஜெலட்டின் சேத்த மிட்டாய் நாக்குல கரையிறது அதனால தான்.

எந்த மிருகத்தோட கொலாஜன்ங்கிறத பொறுத்து இந்த டிகிரி மாறும். பின்னல இறுக்கிப் புடிக்கிறதுல ஹைட்ராக்ஸிபுரோலின்னு ஒரு அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, பன்றி மாடு மாதிரி சூடான ரத்தம் ஓடுற உடம்புல அது அதிகம், குளிர்ந்த கடல்ல வாழுற காட் மீன்ல கம்மி. அந்த மீன்ல எடுத்த ஜெலட்டின் 10 டிகிரி பக்கம் போனா தான் உறையவே செய்யும். அந்தந்த உயிர் வாழுற சூட்டுக்கு ஏத்த மாதிரி பின்னலோட வலுவ பரிணாமம் டியூன் பண்ணி வச்சிருக்கு. இந்த ஹைட்ராக்ஸிபுரோலின் உடம்புல உருவாக வைட்டமின் சி வேணும், அது இல்லன்னா பின்னல் நிக்காது, பழைய காலத்து கப்பல்காரங்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்து பல் விழுந்த ஸ்கர்வி நோய்க்கு அடிப்படையே இது தான்.

இந்த மூணு இழைப் பின்னலுக்கு சரியான வழியக் காட்டினது எங்க தெரியுமா? மெட்ராஸ்ல, கிண்டியில. 1952-ல ஜி.என். ராமச்சந்திரன் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு இயற்பியல் துறைத் தலைவரா வந்தப்ப அவருக்கு முப்பது வயசு தான். அங்க வந்திருந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனோட வடிவம் இன்னும் யாருக்கும் சரியா பிடிபடலன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போனார், இவர் புடிச்சுக்கிட்டார். பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோல்னாலே கொலாஜன் தானே, அதனால சாம்பிளுக்குப் பஞ்சமில்ல. கங்காரு வால் தசைநாண்ல எக்ஸ்ரே படம் நல்லா தெளிவா விழுந்துச்சு. கூட ஆராய்ச்சி பண்ணின கோபிநாத் கர்த்தாவோட சேந்து 1954-லயும் 1955-லயும் நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகையில எழுதினார். கிரிக்கும் ரிச்சும், டிஎன்ஏவோட வடிவத்த சொன்ன அதே கிரிக் தான், இவர் சொன்ன வடிவத்துல அணுங்க ரொம்ப நெருக்கமா இருக்குன்னு குறை சொல்லி ஹைட்ரஜன் பிணைப்புல ஒரு திருத்தம் போட்டாங்க, அந்த திருத்தம் தான் நின்னுச்சு. ஆனா அணுங்க உண்மையிலயே எவ்வளவு நெருங்கலாம்னு ராமச்சந்திரன் குரூப் உக்காந்து கணக்குப் போட்டதுல தான், 1963-ல ராமச்சந்திரன் வரைபடம் பொறந்துச்சு, புரோட்டீன் சங்கிலி எந்தெந்த கோணத்துல திரும்ப முடியும்னு காட்டுற படம். இன்னைக்கும் உலகத்துல யார் புது புரோட்டீனோட வடிவம் கண்டுபிடிச்சாலும் அந்தப் படத்துல போட்டுப் பாத்துட்டு தான் சரியா தப்பான்னு சொல்றாங்க.

இன்னைக்கு ஒரு பிஎச்டி பொண்ணு கங்காரு வால்ல எக்ஸ்ரே எடுக்கப் போறேன்னு ப்ரபோசல் எழுதிட்டுப் போனா, இதனால சமுதாயத்துக்கு என்ன பயன்னு தான் மொதல் கேள்வி வரும், அதையும் தாண்டி ஓகே ஆச்சுன்னா ஃபெல்லோஷிப் காசு மாசக்கணக்குல வராது. அடிப்படை ஆராய்ச்சிக்கு காசு குடுங்கன்னு கேக்குறது பிச்சையில்ல. பயன் என்னன்னு தெரியாமலே செய்யிற சுதந்திரம் அந்தப் பேராசிரியருக்கு இருந்ததால தான் அந்த வரைபடம் வந்துச்சு, அது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆராய்ச்சிக்கு காசு இல்ல, கொலாஜன் பவுடருக்கு மட்டும் எங்க இருந்தோ வருது. தாய்வான்ல கொலாஜன் ஹாட்பாட்னே (மேசையிலயே கொதிக்கிற சூப்) போர்டு வச்சு விக்கிறாங்க, சாப்பிட்டா மூஞ்சி பளபளன்னு ஆகுமாம். வயித்துக்குள்ள போனதும் எல்லா புரோட்டீனும் போற வழி தான் இதுக்கும், அமினோ அமிலமாவும் பெப்டைடுங்கிற குட்டிச் சங்கிலித் துண்டாவும் உடைஞ்சிடும், பன்றியோட தோல் அப்படியே நேரா போய் நம்ம கன்னத்துல ஒட்டிக்காது. டப்பாவுக்கு ஆயிரக்கணக்குல குடுக்கிறதுக்கு பாயா சாப்பிடலாம், ருசியாவாவது இருக்கும்.

இனி கூடைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். ஜெல்லி 35 டிகிரியில உருகிடும், கோதுமை மாவுல இருக்கிற ஸ்டார்ச் வெந்து இறுக 60 டிகிரியாவது வேணும். அப்ப மாவு வேகுறதுக்கு முன்னாடியே உள்ள தண்ணியாகி ஒழுகிடணுமே? சூடு வெளியில இருந்து தானே உள்ள போகுது. ஒரு கிராம் ஆவி தண்ணியா படியும்போது சுமார் 2260 ஜூல் சூட்ட விடும், அவ்வளவும் மொதல்ல அந்த மெல்லிசு மாவு மேல தான் இறங்கும், உள்ள ஜெல்லி அப்பவும் ஜில்லுன்னு கெட்டியா இருக்கும். அது உருகுறப்ப சுவர் வெந்து ரெடியாயிருக்கும். அக்கா பூரணத்த ஃப்ரிட்ஜ்லயே வச்சிருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறது இதுக்கு தான், வெளியில வச்சு இளகிப் போச்சுன்னா மடிக்கவும் வராது, வேகும்போதும் ஒழுகும். ஈஸ்ட் போட்டு நல்லா உப்பின மாவும் ஆகாது, அந்த ஓட்டையெல்லாம் சூப்ப உறிஞ்சிக்கும். மூங்கில் மூடிக்கும் காரணம் உண்டு, மேல படியிற தண்ணிய அது இழுத்துக்கும், அலுமினிய மூடின்னா சொட்டு சொட்டா மாவு மேல விழுந்து ஊறிடும்.

மெயில் போட்டவர் நாக்கையும் சுட்டுக்கிட்டாராம். கிண்ணத்துல இருக்கிற சூப் மேல ஆவி போகப் போக சீக்கிரம் ஆறிடும், இங்க மூட்டை கட்டி வச்சதால ஆவி போக வழியில்ல, வெளிய தொட்டா மிதமா இருக்கும், உள்ள அனல். அதனால கரண்டியில வச்சு, ஓரமா ஒரு சின்ன ஓட்டை கடிச்சு, ஆவி போனதும் சூப்ப உறிஞ்சிட்டு, அப்புறமா கறுப்பு வினிகரும் இஞ்சித் துருவலும் வச்சு மிச்சத்த வாயில போடுங்க. அதுக்குன்னு ரொம்பவும் ஆறவிட்டா மாவு காஞ்சு கூடைக்குள்ள விரிச்ச தாள்ல ஒட்டிக்கிட்டு, எடுக்கும்போதே கிழிஞ்சு சூப் கூடைக்குப் போயிடும்.

சைவத்துல செய்ய முடியுமான்னும் ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. முடியும், கடல்பாசி போட்டு, அதான் நம்ம மளிகைக் கடையில சைனா கிராஸ்னு விக்கிறது, மண்டபம் பக்கம் பெண்கள் கடல்ல மூழ்கிப் பறிக்கிற பாசியில இருந்தும் அது எடுக்கிறாங்க. இது புரோட்டீன் கிடையாது, சர்க்கரைச் சங்கிலி, ஒருமுறை உறைஞ்சுட்டா உருக 85 டிகிரியாவது வேணும், ஆனா ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழ வந்ததும் திரும்ப உறைஞ்சிடும். ஆவிக்கு 100 டிகிரி, அதனால கூடைக்குள்ள ஒழுங்கா உருகும், ஆனா காளான் தண்ணி, சோயா சாஸ் எல்லாம் சேத்து காய்ச்சி உறைய வச்சு செஞ்சீங்கன்னா இறக்கின சூட்டுல சாப்பிட்டுடணும், ஆறிப் போச்சுன்னா உள்ள மறுபடி கட்டி தான், வாய்ச் சூட்டுல உருகாது, திரும்ப ஆவியில வைக்க வேண்டியது தான்.