ஓடைத்தேரை: சொல் விளக்கம்

கேரளத்தின் சைலன்ட் வேலியில் கண்டெடுத்த ஒரு சிறு தேரையை 1981-இல் விலங்கியலாளர்கள் பிள்ளையும் பட்டாபிராமனும் புதிய இனமாக அறிவித்தார்கள். அன்றைய பெயர் அன்சோனியா ரூபிஜினா. அன்சோனியா என்பது தென்கிழக்காசியத் தேரைகளின் பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி. இது அவற்றோடு சேராது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று 2009-இல் தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜு குழுவினர் காட்டினார்கள். அப்போது வந்த பெயர்தான் காட்டோபிரைனி.

அட்டப்பாடியில், அகளி, ஆனைக்கட்டிப் பக்கம் இருக்கும் நமக்கு இதைப் பார்த்ததும் 'காட்டு' என்றுதான் வாசிக்கத் தோன்றும். ஆனால் இதில் காடு இல்லை. வட இந்திய மொழிகளில் படித்துறைக்கும் மலைக்கணவாய்க்கும் வழங்கும் 'காட்' இது; ஐரோப்பியர் அதை மலைத்தொடருக்கே பெயராக்கிவிட்டார்கள். (பாலக்காடு இதற்கு நேர்மாறு. அதில் இருப்பது காடேதான், ஆங்கிலத்தில்தான் 'பால்காட்' ஆனது.) பிரைனி, கிரேக்கத்தில் தேரை. ரூபிஜினா, துருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? தவளை என்று எழுதுவது தவறு. தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல்தாடையில் பல் உண்டு. தேரைக் குடும்பத்தில் எதற்கும் பல் கிடையாது. மலையாளத்தில் தேரையைச் சொறித்தவளை என்பார்கள், எல்லைப் பக்கத்தில் நம் பேச்சிலும் அது புழங்குகிறது. பேச்சுக்கு இருக்கட்டும். எழுத்துக்குத் தேரையை விட்டுவிடக் கூடாது. குறுந்தொகை 193-ஆம் பாட்டில் மலைச்சுனையில் கிடக்கும் 'பகுவாய்த் தேரை', கிளி ஓட்டும் தட்டைப் பறைபோல ஒலிக்கிறது. மலைநீரையும் தேரையையும் சேர்த்தே பார்த்த மொழி நம்முடையது.

இந்த இனம் வாழ்வது சைலன்ட் வேலி, வயநாடு போன்ற சில மலைக்காடுகளில் மட்டும், அதிலும் ஓடைகளை ஒட்டி. கொங்கு வழக்கில் ஓடையைப் பள்ளம் என்போம். ஆனால் பள்ளத்தேரை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் குழியில் கிடப்பது என்று நினைத்துக்கொள்வார்கள். காட்டாற்றுத்தேரை என்றால் வெள்ளம்தான் முன்னால் வந்து நிற்கும். ஆகவே பேரினத்துக்கு ஓடைத்தேரை, இந்த இனத்துக்குத் துருநிற ஓடைத்தேரை என்பதே என் தெரிவு. குடகு மலையிலுள்ள இதன் உறவினத்துக்கு ஆர்னாட்டா என்று பெயர், அணிசெய்யப்பட்டது என்று பொருள். அதை அணி ஓடைத்தேரை எனலாம்.