சென்ட்ரிங் இல்லாமல் ஒரு குவிமாடம்

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கீழ்த்தளப் படத்தை அனுப்பி, "கூரையில் இந்த ஓடுகள் எப்படி விழாமல் நிற்கின்றன? உள்ளே கம்பி இருக்கிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓடுகளைக் கம்பி பிடித்திருக்கவில்லை. 1881-இல் ஸ்பெயினிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ரஃபேல் குவாஸ்டவினோ அமெரிக்காவில் பரப்பிய முறை இது.

கல் வளைவு நிற்பது பள்ளிப் பாடம்தான்: பாரம் அழுத்தமாகவே இறங்கி அடிக்குப் போய்விடும். சிக்கலெல்லாம் கட்டும்போதுதான். உச்சிக்கல் வைக்கும்வரை மற்ற கற்களைத் தாங்க மரச் சென்ட்ரிங் வேண்டும்.

குவாஸ்டவினோவின் கொத்தனார்கள் சுமார் ஓர் அங்குலக் கனமுள்ள சுட்ட ஓட்டின் விளிம்புகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தடவி, ஏற்கெனவே நிற்கும் ஓடுகளின் ஓரத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். ஓடு ஈரத்தை உறிஞ்ச, கலவை சட்டென்று இறுகும். கையை எடுத்தால் ஓடு அந்தரத்தில் நிற்கும்! குவிமாடத்தில் இன்னொரு வசதி. ஒரு சுற்று முடிந்துவிட்டால் அந்த வளையம் உள்ளே சரியாது. சரிய வேண்டுமென்றால் வளையம் சுருங்க வேண்டும். பக்கத்து ஓடுகள் அதற்கு இடம் கொடுக்காது. ஆக, முடிந்த வளையமே அடுத்த வளையத்துக்குத் தாங்கல்.

அப்புறம் போர்ட்லாண்ட் சிமெண்டில் இரண்டாவது, மூன்றாவது அடுக்கு. கீழ் அடுக்கின் இணைப்புக்கு மேலே ஓட்டின் நடுப்பகுதி வரும்படி, பிளைவுட் போல மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். விரிசல் நேராக ஓட வழி கிடைக்காது. அடியில் வெளியே தள்ளும் விசையைத் தடித்த சுவரோ இரும்புக் கட்டோ பார்த்துக்கொள்ளும்.

1909-இல் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தி டிவைன் தேவாலயக் குவிமாடத்தை இப்படித்தான் 15 வாரங்களில் முடித்தார்கள். முந்தைய நாள் கட்டியதன்மேல் நின்றே அன்றைய வேலை நடந்தது! நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடியேறிகளைப் பதிவு செய்த மண்டபத்துக்கு 1918-இல் போட்ட கூரையை 1980-களில் பழுதுபார்த்தபோது, 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளில் 17 மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது.

கான்கிரீட்டும் ஏறிய கூலியும் சேர்ந்து இந்தத் தொழிலை ஓரங்கட்ட, 1962-இல் குவாஸ்டவினோவின் நிறுவனம் மூடப்பட்டது. கொத்தனார்களின் கைப்பழக்கமும் அதோடு பெரும்பாலும் போயிற்று. புதுப்புதுக் கலவைகளுக்கு ஆராய்ச்சிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள், கம்பியும் சென்ட்ரிங்கும் இல்லாமல் எழும் இந்தக் கூரைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.