‘ஸ்டேன்’ என்றால் பயப்பட வேண்டுமா?

“தன்னை ஸ்டேன்னு சொல்லிக்கிறா. இது ஏதாவது வியாதியா?” ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது.

வியாதி இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு இருண்டதுதான். 2000இல் அமெரிக்க ராப் பாடகர் எமினெம் பாடிய பாடலில் வரும் ரசிகனின் பெயர் ஸ்டேன். பாடகருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, பதில் வராத ஆத்திரத்தில் கர்ப்பிணிக் காதலியோடு காரைப் பாலத்திலிருந்து நீரில் இறக்கிவிடுகிறான். மறு ஆண்டே இன்னொரு ராப் பாடகர் நாஸ் அந்தப் பெயரை வசவாகப் பாடினார். பிற்பாடு ரசிகர்களே அதை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறிவிட்டது. இன்று ஒரு பதின்ம வயதுப் பிள்ளை ‘நான் அவரோட ஸ்டேன்’ என்றால், பெரும்பாலும் ‘ரொம்பப் பிடிக்கும்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் காதைத் தீட்டிக்கொள்வது ‘டெலுலு’ என்ற சொல்லுக்கு. பிடித்த ஐடலோடு, அதாவது கொரிய பாப் நட்சத்திரத்தோடு, தனக்கு உறவு அமையும் என்று நம்பும் கே-பாப் ரசிகர்களைக் கேலி செய்யப் பிறந்தது அது. சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, நிஜம் எதுவென்று அவர்களுக்குத் தெரியும். சிரிப்பு நின்றுபோய், ‘நேரலையில் அவர் அந்த நிறச் சட்டை போட்டது எனக்காகத்தான்’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். பிரபலம் ஒருவர் தன்னைக் காதலிப்பதாக அசையாமல் நம்பும் நிலைக்கு எரோட்டோமேனியா என்று பெயர். பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ 1921இலேயே இதை விவரித்திருக்கிறார். அறிவுரையால் போகாது, சிகிச்சை வேண்டும்.

ஆனால் அந்த எல்லைக்கு வெகு முன்பே நிற்கிறவர்கள்தான் அதிகம். ஒருதலையான இந்த நெருக்கத்தை ‘பாராசோஷியல்’ உறவு என்று ஆய்வாளர்கள் ஹோர்டனும் வோலும் 1956இல் எழுதியபோது, அவர்கள் முன்னால் இருந்தவை வானொலியும் தொலைக்காட்சியும் சினிமாவும்தான். இப்போது சில கட்டணச் செயலிகளில், ஐடல் எல்லோருக்கும் அனுப்பும் ஒரே செய்தி ஒவ்வொருவர் போனிலும் அவரவர் பெயரோடு தனிச் செய்திபோல வந்து விழுகிறது. நெருக்கம் இருப்பதாகத் தோன்றுவதே அங்கே விற்பனைக்கு வைத்த சரக்கு. இதில் பிள்ளையை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம் ‘சசெங்’. மற்ற ரசிகர்களே வெறுக்கும் கொரியச் சொல். வீட்டு வாசலில் காத்துக்கிடப்பது, டாக்சி பிடித்துப் பின்தொடர்வது, ஐடல் போகும் விமானத்திலேயே சீட்டு வாங்குவது எல்லாம் இதில் அடங்கும். தென் கொரியாவில் நெடுங்காலம் இது சிறு அபராதத்தோடு போனது. பின்தொடர்தலுக்கான தனிச் சட்டம் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின் சிறைக்கும் போக நேரலாம். இதைச் செய்ய மனநோய் இருந்தாக வேண்டியதில்லை. ‘உண்மையான ரசிகை நான்தான்’ என்ற போட்டியும் கையில் கொஞ்சம் பணமும் போதும்.

அதனால் பிள்ளை தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறது என்று நான் அதிகம் துருவுவதில்லை. அந்தப் பிரபலத்துக்குக் காதலோ கல்யாணமோ என்று செய்தி வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்பேன். சாப்பிடாமல் அழுதேன் என்றால் சரி, அழட்டும். அந்தத் துணையின் முகவரியைத் தேடினேன், போலிக் கணக்கு தொடங்கித் திட்டினேன் என்று பதில் வந்தால், அடுத்த சந்திப்புக்கு வீட்டாரையும் வரச் சொல்கிறேன்.