துளசி தொட்டாலே மணக்கிறது, கறிவேப்பிலையை ஏன் கிள்ள வேண்டியிருக்கிறது?

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் எங்கள் மூலிகைத் தோட்டக் குழு மாதம் ஒரு சனிக்கிழமை கூடும். பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டு முற்றம், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, தயிர்க் கப்புகளில் வேர்விட்ட புதினாக் குச்சிகள், ஒரு பிளாஸ்க் நிறைய சித்ரோனெல் டீ. தமிழ்நாட்டில் எலுமிச்சம்புல் என்பார்களே, அதுதான் இங்கே சித்ரோனெல். இருப்பதைக் கொடுப்போம், வேண்டியதை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தொட்டிகளை வீட்டுக்குள் தூக்கி வைத்தவர்களிடம்தான் கறிவேப்பிலைக் கன்று மிஞ்சியது. மற்றவர்களுக்கு அவர்களே கன்று போட்டுக் கொடுத்தார்கள்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, பாதி கிரியோலும் (இந்தத் தீவில் எல்லாரும் பேசும் மொழி) பாதித் தமிழுமாகக் கேட்டார்: “துளசி பக்கத்துல போனா, சேலை உரசினாலே மணக்குது. காரிப்புலே மரத்தை அப்படி உரசிட்டுப் போனா அவ்வளவா வாசம் வரல. கிள்ளினாத்தான் வருது. ரெண்டும் இலைதானே, தம்பி?”

காரிப்புலே என்றால் கறிவேப்பிலை. கொத்தமல்லிக்கு கோத்தோமிலி, முருங்கைக் கீரைக்கு ப்ரெத் மூரூம். தமிழ் பேசுவதை விட்டுவிட்ட வீடுகளிலும் மொரீஷியஸில் இந்தச் செடிகளின் பெயர் தமிழாகவே நிற்கிறது. எனக்கு அதில் தனி சந்தோஷம். சரி, கேள்விக்கு வருவோம்.

மணம் என்பது காற்றில் எளிதாக ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் மூக்கை அடைவது. இது பள்ளியில் படித்ததுதான். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் உள்ள வித்தியாசம், செடி அந்த மூலக்கூறுகளை எங்கே வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

நகை செய்பவர்கள் கண்ணில் மாட்டுவார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். துளசி இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெயிலில் சாய்த்து அதன் வழியே பார்த்தால், பனி முத்துப்போல மினுங்கும் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். இவற்றைச் சுரப்பித் தூவிகள் என்பார்கள். இலையின் புறத்தோலிலிருந்து கிளம்பிய குட்டிக் காளான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு செல், நடுவில் காம்புபோல ஒரு செல், உச்சியில் தட்டுபோலச் சுரக்கும் செல்கள். துளசிக் குடும்பத்துக்குள்ளேயே இந்த எண்ணிக்கை மாறும். திருநீற்றுப்பச்சிலையின் வகைகளில் தட்டுக்கு நாலு செல், புதினாவில் எட்டு.

இந்த உச்சி செல்களை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. புதினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள இலை முழுக்கப் பச்சையம், ஆனால் இந்தச் செல்களில் பச்சையம் கிடையாது. தங்களுக்கு வேண்டிய சர்க்கரையை அவை தயாரிப்பதில்லை. இலை ஊட்டுகிறது, இவை எண்ணெய் காய்ச்சுகின்றன. ஐந்து கார்பன் கொண்ட செங்கல் இரண்டை ஒட்டிப் பத்து கார்பன் சட்டம் கட்டி, அதை வளைத்து, மாற்றி, கடைசியில் மெந்தால் வரை கொண்டுபோகின்றன. துளசி வேறு வழியில் யூஜினால் செய்கிறது. கிராம்பைக் கடித்தால் வரும் அதே யூஜினால்தான். 1770-இல் இங்கே பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த பியர் புவாவ்ர், இந்தோனேசியப் பக்கத்து மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்பு நாற்றுகளை இந்தத் தீவுக்கு வரவழைத்தார். அந்த மரத்தின் மணமும் நம் முற்றத்துத் துளசி மாடத்தின் மணமும் ஒரே மூலக்கூறில் சந்திக்கின்றன.

இந்த எண்ணெய் செய்தவருக்கே ஆபத்தானது. செல்லின் சவ்வைக் கரைத்துக் குலைத்துவிடும். அதனால் செல்கள் அதை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, தலைக்கு மேலே தள்ளிவிடுகின்றன. அங்கே கியூட்டிகிள் என்ற மெழுகுப் படலம் மூடியிருக்கிறது. எண்ணெய் சேரச் சேர அந்தப் படலம் செல்லிலிருந்து பிரிந்து, சுடுநீர் பட்ட தோலில் கொப்புளம் எழும்புவதுபோல உப்பும். புதினாவில் ஒரு சுரப்பி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள், சற்று மேலே போனால் 30 மணி நேரம். அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கொப்புளம் அப்படியே வாரக்கணக்கில் காத்திருக்கும். புழு கடித்தாலும், நம் விரல் பட்டாலும், பெரியம்மாவின் சேலை உரசினாலும் படலம் கிழியும், எண்ணெய் காற்றில் ஏறும். கடிக்கும் பூச்சிக்கு அது விரட்டு. நமக்கு அது மணம்.

கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை குடும்பம். அதன் எண்ணெய் இலையின் சதைக்குள், செல்கள் விலகி உண்டான சிறு குழிகளில் இருக்கிறது. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் குழிகள் ஊசியால் குத்திய புள்ளிகளாகத் தெரியும். மேலே புறத்தோல் மூடியிருப்பதால் லேசாக உரசினால் போதாது, இலையைக் கிழிக்க வேண்டும். தாளிக்கும்போது இலையை இரண்டாகக் கிள்ளிப் போடும் பழக்கம் குழிகளைத் திறந்துவிடுகிறது. அந்த எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது, சமையல் எண்ணெயில் நன்றாகக் கரையும். கொத்தமல்லிக்கு இன்னொரு வழி. நரம்புகளை ஒட்டி எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன, தண்டு வரைக்கும். சட்னிக்குத் தண்டை எறியாதீர்கள்.

துளசி தூவிகள் இலை பிஞ்சாக இருக்கும்போதே முளைத்துவிடும். இலை விரிய விரிய அவை தள்ளித் தள்ளிப் போகும். அதனால் நுனி இலையில் நெருக்கம் அதிகம். அடிக்கடி நுனி கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும், பிஞ்சு இலை கூடும். அழுத்தித் தேய்த்துக் கழுவினால் கொப்புளங்கள் உடைந்து மணம் தண்ணீரோடு போய்விடும், சும்மா அலசினால் போதும். கியூர்பீப்பிலிருந்து வரும் ஒரு அண்ணன் தன் துளசியில் வாசமே இல்லை என்பார். மேட்டு நிலம், மழையும் மேகமும் அதிகம். வெளிச்சம் குறைந்தால் எண்ணெயும் குறையும். தொட்டியை வெயில் விழும் பக்கம் மாற்றச் சொன்னேன்.

துளசி இரவில் ஆக்சிஜன் விடும், ஓசோன் விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை எங்கள் குழுவிலும் இரண்டு பேர் காட்டினார்கள். தவறு. ஒளி இல்லாமல் ஒளிச்சேர்க்கை இல்லை, இரவில் துளசியும் மற்றச் செடிகள்போலச் சுவாசிக்கத்தான் செய்கிறது. என் பாட்டி மாடத்தைச் சுற்றி வந்தது ஓசோனுக்காக அல்ல. பக்திக்குப் பொய்யான அறிவியல் முட்டு வேண்டியதில்லை.

இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. இந்த நாட்டில் கரும்புக்கென்று 1953-இலேயே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது, நல்ல வேலையும் செய்திருக்கிறது. அந்த அக்கறையில் ஒரு கைப்பிடியாவது வீட்டு முற்றத்துச் செடிகளுக்கு வர வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தக் கறிவேப்பிலையில் எண்ணெய் அதிகம் என்று அளந்து பார்க்கப் பெரிய செலவு ஆகாது. பள்ளிக்கு நாலு நுண்ணோக்கி கொடுத்தால் பிள்ளைகளே பாதி வேலையைச் செய்துவிடுவார்கள்.

அன்று லென்ஸ் கைமாறிக்கொண்டே போனது. பெரியம்மாவின் பேரன் அதைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தில் இருந்த எல்லா இலையையும் பார்த்தான். துளசியில் முத்து, புதினாவில் முத்து, கற்பூரவல்லியில் மயிருக்கு நடுவே முத்து. சித்ரோனெல் புல்லில் மட்டும் ஒன்றும் இல்லை என்று ஏமாற்றத்தோடு வந்தான். அதற்குக் கொப்புளமும் கிடையாது, குழியும் கிடையாது. இலையின் உள்ளே அங்கங்கே தனித்தனிச் செல்கள், தடித்த சுவரோடு, எண்ணெயைப் பூட்டி வைத்திருக்கின்றன. அதனால்தான் அவன் பாட்டி அதைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி, நன்றாகக் கொதிக்கவிட்டு, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வருகிறார்.