பைத்தானின் பைட்ஸ், சி மொழியின் பாயிண்டர்: தாண்டும்போது விட்டுப்போகும் இரண்டு விஷயங்கள்

பைத்தானுக்கு சி மொழியில் எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் மாட்யூல், எழுதுகிறவர்களின் நிரலை வெளியே போகுமுன் படித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாக ஒரு மாட்யூல் கைக்கு வந்தால் மேலிருந்து கீழாகப் படிக்க மாட்டேன். பைட்ஸ் ஆப்ஜெக்ட் (பைட் வரிசையைப் பைத்தான் வைத்திருக்கும் வடிவம்) எங்கெல்லாம் பைத்தான் பக்கத்திலிருந்து சி பக்கம் தாண்டுகிறது, எங்கெல்லாம் திரும்பி வருகிறது என்று முதலில் தேடுவேன். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அல்காரிதத்தை எல்லோரும் சோதித்துப் பார்க்கிறார்கள். தாண்டும் இடம் ஒரே வரி என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

பைத்தானில் ஒரு பைட்ஸ் என்றால் தரவு, அதன் நீளம், அதை இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, மூன்றும் சேர்ந்தே இருக்கும். சி பக்கம் வரும்போது கையில் கிடைப்பது தரவின் முகவரி, அதாவது பாயிண்டர், மட்டும். நீளமும் எண்ணிக்கையும் அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வந்தவை.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பைட்ஸைக் கையாளும் சி ஃபங்ஷன்களின் பெயர்களில் ‘பைபைட்ஸ்’ என்பது முன்னால் வரும். ஒவ்வொரு முறையும் அதை எழுதினால் படிக்க முடியாது. மீதிப் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

மெமரியில் ஒரு பைட்ஸ் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 64 பிட் கணினியில் சிபைத்தானை, அதாவது சி மொழியில் எழுதப்பட்ட வழக்கமான பைத்தானை, எடுத்துக்கொள்வோம். முதல் 8 பைட் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, அடுத்த 8 எந்த வகை ஆப்ஜெக்ட் என்ற முகவரி, அடுத்த 8 நீளம், அடுத்த 8 ஹேஷ் மதிப்பு (தரவிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்). அதற்குப் பிறகுதான் தரவு. தரவு முடிந்ததும் கூடுதலாக ஒரு பூஜ்ய பைட். காலியான பைட்ஸின் அளவைப் பைத்தானிடம் கேட்டால் 33 என்று சொல்வது இதனால்தான்: நான்கு எட்டு 32, கடைசிப் பூஜ்யம் ஒன்று.

அந்தக் கடைசிப் பூஜ்யம் ஒரு சௌகரியத்துக்காக வைத்தது. சி மொழியின் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் பூஜ்யத்தைக் கண்டால் நின்றுவிடும் என்பதால், பைட்ஸின் பாயிண்டரை அப்படியே அவற்றிடம் கொடுக்கலாம். ஆனால் ஆட்களை ஏமாற்றுவதும் இதுவேதான். இறுதியில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்தவர்கள், நடுவில் பூஜ்யம் வராது என்றும் நம்பிவிடுகிறார்கள். பைட்ஸுக்கு அப்படி ஒரு விதியே இல்லை.

‘ஃப்ரம் ஸ்ட்ரிங்’ என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். சி பாயிண்டரைக் கொடுத்தால் பைட்ஸ் செய்து தரும். நீளத்தைக் கேட்காது, பூஜ்யம் வரும்வரை எண்ணும் ஸ்டர்லென் வைத்துத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு பிஎன்ஜி படத்தை சி பக்கம் தயாரித்து இதன் வழியாகத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? பிஎன்ஜி கோப்பின் தொடக்க அடையாளம் 8 பைட். அதற்கு அடுத்து வருவது முதல் பகுதியின் நீளமான 13. அதை நான்கு பைட்டாக, பெரிய இலக்கத்தை முன்னால் வைத்து எழுதுவார்கள்: 0, 0, 0, 13. ஆகவே ஒன்பதாவது பைட்டே பூஜ்யம். எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் பைத்தானுக்கு வந்து சேர்வது 8 பைட். எரர் எதுவும் வராது.

இது நல்ல வகைக் கோளாறு என்பேன், முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும். எப்போதோ ஒருமுறை வருவதுதான் ஆபத்து. ஒரு கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 ஹேஷை 32 பைட் தரவாக ‘ஃப்ரம் ஸ்ட்ரிங்’ வழியாக அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். 32 பைட்டில் ஒன்றாவது பூஜ்யமாக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. மூன்று உதாரணங்களை வைத்துச் சோதித்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். பயன்பாட்டுக்குப் போனபின் எட்டு ஒன்பது பேரில் ஒருவருக்கு மட்டும் ‘ஹேஷ் பொருந்தவில்லை’ என்று வரும். காரணம் தெரியாமல் எல்லோரும் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒப்பிடும் இடத்தில் இதே தவறு நடந்தால் அது பாதுகாப்பு ஓட்டை. இரண்டு ஹேஷ்களை, சொன்ன நீளம் முழுவதையும் பார்க்கும் மெம்கம்ப் வைத்து ஒப்பிடாமல், பூஜ்யத்தில் நின்றுவிடும் ஸ்டர்கம்ப் குடும்பத்தை வைத்து ஒப்பிட்டால், இரண்டிலும் முதல் பைட் பூஜ்யமாக இருந்தாலே ‘சமம்’ என்று பதில் வரும். நின்டென்டோவின் வீ கருவியில் கையெழுத்துச் சரிபார்ப்பு இப்படித்தான் உடைந்தது. ஹேஷின் முதல் பைட் பூஜ்யமாக வரும்வரை கோப்பில் எதையாவது மாற்றிக்கொண்டே போனால் போதும். சராசரியாக 256 முயற்சியில் கிடைத்துவிடும்.

பைத்தானும் தப்பவில்லை. சிவிஇ-2013-4238 என்ற எண்ணில் பதிவான ஓட்டை பாதுகாப்பான இணைப்புக்கான அதன் எஸ்எஸ்எல் மாட்யூலில் இருந்தது. சான்றிதழில் எழுதியிருக்கும் டொமைன் பெயரின் நடுவில் ஒரு பூஜ்ய பைட்டைச் செருகினால், முன்பாதி மட்டும் பெயராகத் தெரியும். பின்பாதியில் இருக்கும் தன் டொமைனைக் காட்டி ஒருவர் சான்றிதழ் வாங்கிவிட்டு, முன்பாதியில் இருக்கும் தளமாக நடிக்கலாம். பெயரை அதன் நீளத்தோடு சேர்த்து எடுக்கும்படி மாற்றித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

அதனால் நிரலில் ‘ஃப்ரம் ஸ்ட்ரிங்’ கண்ணில் பட்டாலே ஏன் என்று கேட்பேன். நிரலிலேயே எழுதிவைத்த மாறாத சொல்லாக இருந்தால் சரி. வெளியிலிருந்து வந்த தரவு என்றால் நீளத்தையும் கேட்கும் ‘ஃப்ரம் ஸ்ட்ரிங் அண்ட் சைஸ்’தான். எதிர்த்திசையில் ‘ஆஸ் ஸ்ட்ரிங் அண்ட் சைஸ்’. இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல குணம் உண்டு. நீளத்தை வாங்கும் இடத்தில் நல் (எதையும் காட்டாத பாயிண்டர்) கொடுத்தால், தரவின் நடுவில் பூஜ்யம் இருக்கிறதா என்று அதுவே பார்த்து வேல்யூ எரர் எழுப்பும். கோப்பின் பாதை போல, நீளமே வாங்காத சி ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நீளத்தை வாங்கிக்கொண்டாலும் அதை இன்ட் (32 பிட் முழு எண்) வகையில் போட்டு வைத்தால் வீண். 2,147,483,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். பைத்தான் 2.5-லிருந்தே இதற்கென்று தனி வகை இருக்கிறது. இருந்தும் பைத்தான் அனுப்பும் ஆர்குமென்ட்களைப் பிரித்து எடுக்கும் ‘ஒய் ஹேஷ்’ (y#) போன்ற குறிகள், தலைப்புக் கோப்பைச் சேர்க்குமுன் ஒரு மேக்ரோவை எழுதாவிட்டால் வெகுகாலம் இன்ட் அளவையே நிரப்பிக்கொண்டிருந்தன. எட்டு பைட் மாறியின் மேல் நான்கு பைட்டில் குப்பை கிடக்கும். 3.10-லிருந்து மேக்ரோ இல்லாவிட்டால் எரர் வருகிறது, 3.13-லிருந்து மேக்ரோவே தேவையில்லை. பழைய பதிப்புகளையும் ஆதரிக்கிறவர்கள் அந்த வரியை அழித்துவிட வேண்டாம்.

சரி, ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கு வருவோம். ‘ஆஸ் ஸ்ட்ரிங்’ தருவது நகல் இல்லை, ஆப்ஜெக்டின் வயிற்றுக்குள் நேராகக் காட்டும் பாயிண்டர். ஆப்ஜெக்ட் போனால் அதுவும் போயிற்று. நான் அடிக்கடி காணும் வடிவம் இதுதான்: ஒரு எழுத்துச் சரத்தை என்கோட் செய்து தற்காலிக பைட்ஸ் ஒன்று வாங்குவார்கள், அதிலிருந்து பாயிண்டரை எடுப்பார்கள், மெமரி கசியக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் உடனே அந்த பைட்ஸின் எண்ணிக்கையைக் குறைத்து விடுவித்துவிடுவார்கள். அப்புறம் பாயிண்டரைப் பயன்படுத்துவார்கள்.

கொடுமை என்னவென்றால், இது வேலை செய்யும். 512 பைட் வரையுள்ள ஆப்ஜெக்ட்களைப் பைத்தான் தன்னுடைய சொந்த மெமரி ஒதுக்கீட்டிலிருந்து தருகிறது. விடுவிக்கும்போது அந்த இடத்தின் முதல் 8 பைட்டில், அதாவது பழைய ரெஃபரன்ஸ் எண்ணிக்கை இருந்த இடத்தில், அடுத்த காலி இடத்தின் முகவரியை எழுதும். தரவு அப்படியே கிடக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரின் பெயர்ப்பலகை வாசலில் தொங்குவது போல. அதே அளவில் வேறு யாராவது இடம் கேட்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். சோதனையில் யாரும் கேட்பதில்லை, பயன்பாட்டில் கேட்டுவிடுவார்கள். எழுத்துச் சரத்தின் யூடிஎஃப்-8 வடிவம் மட்டும்தான் வேண்டும் என்றால் ‘பையூனிகோட் ஆஸ் யூடிஎஃப்8 அண்ட் சைஸ்’ போதும். அந்தப் பாயிண்டர் சரம் இருக்கும்வரை இருக்கும், தற்காலிக ஆப்ஜெக்டே வேண்டாம்.

இன்னொரு வகை இன்னும் நுட்பமானது. ஃபங்ஷன் முடியும்வரை பைட்ஸ் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அழைத்த சி லைப்ரரி பாயிண்டரைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் தரவைக் கட்டும்போது ‘ஸ்டாட்டிக்’ என்று சொன்னால் அது நகல் எடுக்காது, ‘ட்ரான்சியன்ட்’ என்றால் எடுக்கும். நெட்வொர்க் லைப்ரரியான கர்லில் ‘போஸ்ட்ஃபீல்ட்ஸ்’ நகல் எடுக்காது, ‘காப்பி போஸ்ட்ஃபீல்ட்ஸ்’ எடுக்கும். இதெல்லாம் ஆவணத்தில் ஒரே வாக்கியத்தில் இருக்கும், பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவார்கள். பைட்ஸின் பாயிண்டரை வாங்கும் ஒவ்வொரு லைப்ரரி ஃபங்ஷனுக்கும் ‘நீ நகல் எடுப்பாயா?’ என்ற கேள்விக்குப் பதிலை நிரலிலேயே குறிப்பாக எழுதச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தால்தான் பலர் ஆவணத்தைத் திறக்கிறார்கள். எடுக்காது என்றால், லைப்ரரி விடும்வரை அந்த பைட்ஸுக்கு ஒரு ரெஃபரன்ஸை நீங்கள் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பாயிண்டர் வழியாக எழுதலாமா? கூடாது. ‘மாற்றாதே’ என்று சொல்லும் கான்ஸ்ட் இல்லாமல் தருகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது பழைய காலத்து மிச்சம், அனுமதி இல்லை. ஒற்றை பைட் கொண்ட 256 பைட்ஸ்களையும் காலி பைட்ஸையும் பைத்தான் ஒரே பிரதியாக வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே தருகிறது. ஒரு பைட் நீளமுள்ள ஒன்றை நீங்கள் இடத்திலேயே மாற்றினால், அந்த புரோகிராம் முழுவதும் அந்த மதிப்பு மாறிவிடும். நீளமானவற்றிலும் ஆபத்து உண்டு. ஹேஷ் ஒருமுறை கணக்கிடப்பட்டுவிட்டால் ஆப்ஜெக்டுக்குள்ளேயே தங்கிவிடும். தரவை மாற்றினால் பழைய ஹேஷ் பொய் சொல்லும், டிக்ஷ்னரியில் இருக்கும் சாவி தேடினால் கிடைக்காது.

எழுத அனுமதி உள்ள ஒரே இடம், ‘ஃப்ரம் ஸ்ட்ரிங் அண்ட் சைஸ்’ஸுக்குத் தரவாக நல் கொடுத்து, நீளம் மட்டும் சொல்லி வாங்கும் புத்தம்புதிய ஆப்ஜெக்ட். அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதால் நிரப்பலாம். ஆனால் அதன் உள்ளடக்கம் சுத்தம் செய்யப்பட்டதல்ல, அங்கே முன்பு என்ன இருந்ததோ அதுவே கிடக்கும். 4096 பைட் கேட்டு வாங்கி, சாக்கெட்டிலிருந்து 100 பைட் மட்டும் படித்து, அப்படியே திருப்பி அனுப்பினால் மீதி 3996 பைட்டில் யாருடைய கடவுச்சொல் போகிறதோ தெரியாது. ‘ரீசைஸ்’ செய்து சுருக்க வேண்டும். சுருக்குமுன் அதை லிஸ்டில் சேர்க்கவோ வேறெங்கும் வைக்கவோ கூடாது, ஒரே ஒரு ரெஃபரன்ஸ் இருந்தால்தான் ‘ரீசைஸ்’ ஒத்துக்கொள்ளும். தோற்றால் பழைய ஆப்ஜெக்டையும் விடுவித்து உங்கள் மாறியில் நல் வைத்துவிடும். எரர் வழியில் அதை மறுபடியும் விடுவிக்கப் போகாதீர்கள். ‘கான்கேட்’டும் இப்படியே. அது எதையும் திருப்பித் தராது, மாறி நல் ஆகிவிட்டதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

‘முதலில் அரைகுறையாகச் செய், பிறகு சுருக்கு’ என்ற இந்த முறை பைத்தான் உருவாக்குகிறவர்களுக்கே பிடிக்கவில்லை. பெப் 782 என்ற முன்மொழிவு வழியாக 3.15 பதிப்புக்கு ‘பைபைட்ஸ்ரைட்டர்’ என்ற தனி வழியை ஏற்றிருக்கிறார்கள். எழுதும்வரை அது பைட்ஸே இல்லை, எழுதி முடித்த பின்தான் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பது நல்லது.

வாங்கும் பக்கத்தில் என் விருப்பம் ‘ஒய் நட்சத்திரம்’ (y*) குறி. பைட்ஸ் மட்டுமல்லாமல் பைட்அரே (மாற்றக்கூடிய பைட் வரிசை), மெமரிவியூ (வேறொன்றின் மெமரியைக் காட்டும் ஜன்னல்) எல்லாவற்றையும் ஏற்கும், நீளத்தையும் சேர்த்துத் தரும், நீங்கள் விடுவிக்கும்வரை ஆப்ஜெக்டைப் பிடித்து வைத்திருக்கும். விட்டுப்போகும் இரண்டும் ஒரே கட்டில் வந்துவிடுகின்றன. வாங்கிய பஃபரை ஒவ்வொரு வெளியேறும் வழியிலும் விடுவிக்க மறக்கக்கூடாது. மறந்தால் பைட்அரேயின் அளவை அதன்பின் யாராலும் மாற்ற முடியாது, ‘பஃபர் எரர்’ வேறெங்கோ போய் வெடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் கில் பூட்டை விட்டுவிட்டு நீண்ட வேலை செய்யும்போது பைட்அரேயின் அளவு மாறாது என்றாலும் உள்ளடக்கத்தை இன்னொரு த்ரெட் மாற்றலாம். சரிபார்த்த மதிப்பை மறுபடியும் படிக்காமல் உள்ளூர் மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு நான் கேட்பவை அதிகம் இல்லை. காலி பைட்ஸ், ஒரே ஒரு பூஜ்யம், நடுவில் பூஜ்யம், 255 மதிப்புள்ள பைட், ஒரு பைட்அரே, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிய மெமரிவியூ. 255 எதற்கென்றால், சி மொழியின் சார் வகை சில கணினிகளில் எதிர்மறையையும் ஏற்கும், சிலவற்றில் ஏற்காது. அது -1 ஆகிவிட்டால் அட்டவணையில் தேடும் நிரல் வெளியே போய்விடும். கடைசியில் சொன்ன மெமரிவியூ எரர் தர வேண்டும், கிராஷ் ஆகக்கூடாது. இவற்றை ‘பைத்தான்மேலாக்’ என்ற சூழல் மாறியை ‘டிபக்’ என்று வைத்து ஓட்டுங்கள். விடுவித்த மெமரி முழுவதையும் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் டிடி-யால் நிரப்பிவிடும் என்பதால், இறந்த பாயிண்டர் வழியாகப் படித்தால் முதல் ஓட்டத்திலேயே தெரியும். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரும் பயன்படுத்துகிறவர்கள் அந்த ஓட்டத்துக்கு மட்டும் அதே சூழல் மாறியை ‘மேலாக்’ என்று மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பைத்தானின் சொந்த ஒதுக்கீட்டுக்குள் நடக்கும் எதுவும் சானிடைசர் கண்ணில் படாது.